எரித்தலும் அணைத்தலும்: குணங்குடி மஸ்தானை வாசிப்பது குறித்து

குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழ் எம்.ஏ. படிப்பவர்களுக்கு அறிமுகமாவது பெரும்பாலும் 'சித்தர் மரபில் வந்த இஸ்லாமியர்' என்றுதான். பாராட்டு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கு: உன் இஸ்லாத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வா.

மனோன்மணிக் கண்ணியை எடுத்துக்கொள்வோம். மனோன்மணி, சைவத்தில் சக்தியின் பெயர். உடனே நம்ம ஆட்கள் 'பாருங்க, சைவம்' என்று பிரதியை மூடிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தவர்கள் உறவைப் பார்க்கவில்லை. ஆழ்வார்களும் நாயன்மார்களும் பல பாடல்களில் தம்மைப் பெண்ணாக்கி, ஆணாகிய இறைவனுக்காக ஏங்கினார்கள். மஸ்தானிடம் இது தலைகீழ். ஏங்குகிறவன் ஆண், இறை பெண். லைலாவுக்காகப் பித்தாகித் திரிந்த மஜ்னூனைப் பாரசீக சூஃபிகள் பாடிய வழி இது. அவருடைய முகியித்தீன் சதகமோ, 1166-இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் மேல் பாடப்பட்டது. 'சித்தர்' என்ற சட்டகத்தில் அதற்கு இடமே கிடையாது.

அதே ஜீலானியின் காதிரிய்யா வழியில் வந்தவர் 16ஆம் நூற்றாண்டு மலாய் சூஃபிக் கவி ஹம்ஸா ஃபன்சூரி. ஃபன்சூர் என்பது சுமத்ராவின் பாரூஸ். உத்திரமேரூரில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அது அந்நிய ஊரல்ல. எங்கள் ஊரின் 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளை மேடைக்கு மேடை பேசுகிறோம். பாரூஸை ஒட்டிய லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் வைத்த தமிழ்க் கல்வெட்டையும் கடல் கடந்த பெருமையாகப் பேசுகிறோம். அந்த மண்ணின் கவிஞனை மட்டும் கேட்டதில்லை. கற்பூரம் வந்த கடலில்தான் கவிதையும் ஞானமும் போய்வந்தன.

அரபியும் பாரசீகமும் அறியாதவர்களுக்காகவே மலாயில் எழுதுவதாகச் சொன்னவர் ஹம்ஸா. அலையும் கடலும் வேறல்ல, உள்ளமை ஒன்றே என்பது அவர் பாட்டின் சாரம். 1637-இல் குஜராத்தின் ராந்தேரைச் சேர்ந்த நூருத்தீன் அர்-ரானீரி ஆச்சே வந்து, இது வழிகேடு என்று தீர்ப்பளித்தார். சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவோடு அந்த மரபின் நூல்கள் பள்ளிவாசல் முன் எரிக்கப்பட்டன. அவ்வழியினர் கொல்லப்பட்டார்கள்.

1838-இல் மறைந்த மஸ்தானை யாரும் எரிக்கவில்லை. சரவணப்பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். ஐயர் வணங்கியது ஒரு முஸ்லிம் ஞானியை. அவரை முஸ்லிமல்லாதவராக்கி அல்ல. பின்னால் வந்த இலக்கிய வரலாறுதான் அவரைப் 'பொது'வாக்கி விழுங்கியது.

தூய்மைவாதம் எரிக்கிறது: இவன் முஸ்லிமே இல்லை. நல்லிணக்கம் அணைக்கிறது: இவன் முஸ்லிமே இல்லை, நம்மாளு. ரெண்டு தீர்ப்பும் ஒண்ணுதான். முஸ்லிம், முஸ்லிமாகவே தமிழனாக இருக்க முடியும் என்பதை இரண்டுமே ஒப்புவதில்லை. மதவாதத்துக்கு எதிராக மஸ்தானை மேடையேற்றும் தோழர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அவருடைய அரபுச் சொற்களைத் தாண்டிக் குதிக்காமல், அவற்றின் வழியாகவே உள்ளே போவோம். அவையும் தமிழ்தான்.