வீணை பழகும் கை

தமிழ்நாட்டு வீணை வாசிப்பில் கேட்டவுடன் இனம் கண்டுகொள்ளக்கூடியது காரைக்குடி பாணி. அதை நிலைநாட்டியவர்கள் கச்சேரி உலகம் காரைக்குடி சகோதரர்கள் என்று அழைத்த சுப்பராமய்யரும் அவர் தம்பி சாம்பசிவய்யரும். புதுக்கோட்டைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வீணையே தொழிலாக இருந்த குடும்பம் அது. தந்தை சுப்பய்யரிடமே இருவருக்கும் பாடம். மேடையில் அண்ணன் வீணையைத் தம்பூராவைப் போல நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். தம்பி வழக்கப்படி மடியில் கிடத்தி வாசித்தார். பார்வைக்கு இரண்டு விதம், காதுக்கு ஒன்று.

அவர்கள் பெயரோடு காரைக்குடி சேர்ந்ததற்குக் காரணம் செட்டிநாட்டின் ஆதரவு. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு கோயில் திருப்பணிக்கும், ஒரு பங்கு கல்யாணத்துக்கும், இரண்டின் வழியாகவும் இசைக்கும் வந்தது. சகோதரர்களைத் தவிர, கச்சேரி என்றால் இன்னின்ன உருப்படி இன்ன வரிசையில் என்ற இன்றைய முறைக்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967), மிருதங்கத்தில் காரைக்குடி மணி (1945–2023), வயலினில் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) என்று இந்தச் சிறிய வட்டாரத்தின் பெயர்கள் கச்சேரி அழைப்பிதழ்களை நிறைத்தன. வாசித்தவர்கள் ஒரு சமூகம், வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் வேறு சமூகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் இசைப் பெருமையில் பாதி கேட்டவர்களுடையது.

எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதும் இசையின் ஒரு பகுதிதான். திருமயத்திலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கும் கீழச்சிவல்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீடுகளின் ஊர். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர்கள். நாதசுரமும் தவிலும் இப்படிப்பட்ட வீட்டின் வாசலுக்கும் முற்றத்துக்கும் உரியவை. ஆச்சா மரத்தில் கடைந்த நாதசுரம் தெருக்கோடி வரை கேட்க வேண்டிய வாத்தியம். சாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை மல்லாரி தொடங்கினால் வீட்டுக்குள் இருப்பவர்களும் திருவுலா கிளம்பிவிட்டது என்று தெரிந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். வீணைக்கு அந்தத் தொண்டை கிடையாது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதைக் கேட்க வேண்டுமானால் கூரையுள்ள பட்டாலையில், பத்தடிக்குள், பேச்சை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு நாதசுரக் கோஷ்டியை யாரும் அழைக்கலாம். வீணைக் கச்சேரி வைக்க, கேட்கத் தெரிந்த பத்துப் பேராவது வீட்டில் இருக்க வேண்டும்.

வாத்தியத்தின் உடம்பைத் தெரிந்துகொண்டால்தான் பயிற்சியின் அருமை தெரியும். வீணை பலா மரத்தில் செய்வது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை விரும்புவார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. தண்டியின் மேல் 24 மெட்டுகள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு. தேன்மெழுகில் கரி கலந்து கட்டிய வரம்பில் அவை பதிந்திருக்கும். வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை ஸ்தாயி. மெழுகு என்பதால் வெயில் காலத்தில் மெட்டு இம்மி நகர்ந்தாலும் சுருதி பிசகும். சுவரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டே மறுபடி பதிக்க வேண்டும்.

பாடம் தொடங்குவது பெரும்பாலும் விஜயதசமியன்று, வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு. முதல் சில நாட்கள் இடது கைக்கு வேலையே இல்லை. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மாறி மாறி மீட்ட, சுண்டு விரல் தாளத் தந்தியைத் தட்டப் பழக வேண்டும். சிலர் நகத்தாலேயே மீட்டுவார்கள், சிலர் விரலில் கம்பிவளையம் மாட்டிக்கொள்வார்கள். நகத்தில் எழும் நாதம் சன்னமானது. வளையத்தில் எழுவது கணீரென்றது. பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரம். ஒவ்வொன்றும் மூன்று காலத்தில். அதன் பிறகு கீதம், வர்ணம். மாயாமாளவகௌளையைத் தொடக்கப் பாடமாக வைத்த பெருமையைப் புரந்தரதாசருக்குக் கொடுப்பது மரபு. அது நல்ல தேர்வு: ஸ முதல் ம வரை சுவரங்களுக்கு இடையே உள்ள தூரமும், ப முதல் மேல் ஸ வரை உள்ள தூரமும் ஒன்றே. வீணையில் இது கண்ணுக்கே தெரியும். கீழ்ப் பாதியில் விரல் தாண்டும் மெட்டுகளும் மேல் பாதியில் தாண்டும் மெட்டுகளும் ஒரே கணக்கு. ஒரு பாதி கைக்கு வந்தால் மறுபாதிக்குப் பாதி உழைப்புதான்.

இதற்குள் இடது கை விரல் நுனிகளில் கோடு விழுந்திருக்கும். எஃகுத் தந்தியில் ஏறி இறங்க வழுக்க வேண்டும் என்று விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். எண்ணெயும் உலோகமும் சேர்ந்து அந்தக் கோட்டைக் கருப்பாக்கும். முதலில் எரிச்சல், பிறகு தோல் உரிதல், பிறகு காய்ப்பு. நடுவில் விட்டுவிட்டால் காய்ப்பு போய் எரிச்சல் மறுபடி முதலிலிருந்து வரும். விடுமுறைக்கு மட்டும் வாத்தியத்தைத் தொடும் பிள்ளைகள் ஒவ்வொரு விடுமுறையிலும் படுகிற பாடு இது.

மெட்டு இருக்கிறதே, விரலை வைத்தால் சுவரம் வந்துவிடாதா என்று தோன்றும். சுவரம் வரும், ராகம் வராது. தோடியின் காந்தாரத்தை அதற்கு உரிய மெட்டில் வைத்து அசையாமல் மீட்டினால் காதில் விழுவது தோடி அன்று. அதற்குக் கீழேயுள்ள மெட்டில் விரலை ஊன்றி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, காந்தாரம் இருக்கும் இடத்தைச் சுற்றி ஆட்ட வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்குத் தண்டியில் அடையாளம் எதுவும் கிடையாது. ஒரே மெட்டில் நின்று மேலே மூன்று நான்கு சுவரங்களைக்கூட இழுப்பிலேயே எடுப்பார்கள். கையில் பலம் எவ்வளவு இருந்தாலும், சரியான இடம் காதில் முன்கூட்டியே ஒலிக்காவிட்டால் இழுப்பு எங்கோ போய் நிற்கும். வீணை வாத்தியார்கள் மாணவரை முதலில் பாடச் சொல்வதும், பாடியதை வாசிக்கச் சொல்வதும் இதனால்தான். கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் மீட்டு விழ வேண்டும், நடுவில் இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் மீட்டக்கூடாது. தெரிந்த பாட்டை நல்ல கை வாசித்தால் வார்த்தைகள் காதில் விழுவது அந்தக் கட்டுப்பாட்டினால்.

இங்கேதான் விசைப்பலகை வாத்தியம் வேறுபடுகிறது. இன்று காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கீபோர்டில்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவு, விரல் எரியாது, முதல் வாரத்திலேயே சினிமாப் பாட்டு வந்துவிடும். இவை சின்னக் காரணங்கள் அல்ல. ஆனால் கட்டையை அழுத்தும் கைக்கு இழுப்பு என்ற ஒன்றே தெரியாமல் போகிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தபோது சொன்ன குறையும் இதைச் சுற்றியதுதான். தடை அதிகப்படியானது, குறை உண்மையானது.

காரைக்குடி பாணியின் தனிச் சுவை தானத்தில் இருக்கிறது. ராகம் தானம் பல்லவியில் நடுவே வரும் இப்பகுதிக்குத் தாளக்கட்டு கிடையாது, ஆனால் நடை உண்டு. ஆலாபனை போல மிதக்காமல், பல்லவி போலக் கணக்கில் மாட்டிக்கொள்ளாமல், மத்திம காலத்தில் அடுக்கடுக்காகச் சொற்கட்டுகள் வரும். வாய்ப்பாட்டுக்காரர் மூச்சு வாங்க நிறுத்த வேண்டும். வீணைக்கு அந்தத் தொல்லை இல்லை. கூர்ந்து கேட்டால் இரண்டு ஓட்டங்கள் பிரிந்து தெரியும். ஒன்று சாரணியில் எழும் ராகச் சொற்கட்டு. மற்றொன்று, அதற்குக் கீழே சுண்டு விரல் தாளத் தந்தியில் விடாமல் தட்டும் ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும். சுமாரான கையில் தாளத் தந்தி வெறும் சலசலப்பாகி ராகத்தை மறைக்கும். தேர்ந்த கையில் சொற்கட்டு முடியும் இடத்தில் சரியாக விழுந்து அதற்கு முற்றுப்புள்ளி வைக்கும். சாம்பசிவய்யரின் பழைய ஒலிப்பதிவுகளின் ஒலித்தரம் இன்றைய காதுக்குப் போதாதுதான். ஆனாலும் அவற்றில் இந்த ஒழுங்கு கேட்கிறது. வேகத்தைக் காட்டுவதற்காக வேகம் எடுக்கும் இடம் ஒன்றும் தட்டுப்படாது; அழுத்தமும் நிதானமும்தான் அந்த வாசிப்பின் அழகு. விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு அது சலிப்பூட்டலாம். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் பிடிபடும் இசை அது.

சாம்பசிவய்யருக்கு 1952இல் சங்கீத கலாநிதி பட்டம் வந்தது. சென்னை கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்து பலரை உருவாக்கினார். அவரிடம் சிறுவயதிலேயே குருகுலவாசமாகத் தங்கிக் கற்றவர் ரங்கநாயகி ராஜகோபாலன் (1932–2018). அந்தக் குருகுலம் கடுமையானது. விடியும் முன்பே சாதகம் தொடங்கிவிடும். குடும்பத்தின் பிந்தைய தலைமுறையில் ராஜேஸ்வரி பத்மநாபன் பாணியைக் காத்தார். காரைக்குடி சுப்பிரமணியன் பழைய பயிற்சியின் நுட்பங்களை இக்கால மாணவருக்கு ஏற்ற பாடமுறையாக வகுக்க முயன்று சென்னையில் பிருஹத்வனி என்ற அமைப்பைத் தொடங்கினார். அதிகாலைச் சாதகத்தின் கடுமையைப் போற்றுபவர்கள் இன்றும் உண்டு. அதில் கையும் காதும் பண்பட்டது உண்மை. வேறு வழியில் பண்படாது என்று மட்டும் யாராலும் காட்ட முடிந்ததில்லை.

காரைக்குடி பாணி ஆண்கள் கைகளிலிருந்து பெண்கள் கைகளுக்கு வந்தது இந்தத் தலைமுறைகளில்தான். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நடுத்தர வீடுகளில் வீணை பெண் பார்க்க வருபவர்கள் முன் வாசிக்கும் வாத்தியமாகவும் ஆனது. கல்யாணத்துக்குப் பிறகு உறை போட்டு மூலையில் சாய்ந்த வீணைகள் ஏராளம். நவராத்திரிக் கொலுவில் மட்டும் அவை வெளியே வரும். இசை கற்றதனால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்றால், மேடை கிடைக்கவில்லை, ஆனால் நல்ல காது கிடைத்தது. வானொலி கேட்டுக்கொண்டே சமையல் செய்தவர்கள் ராகத்தின் பெயரை அடுப்படியிலிருந்தே சொன்னார்கள். கச்சேரி இசை இத்தனை காலம் நிலைத்ததில் அப்படிப்பட்ட காதுகளுக்கு உள்ள பங்கை இசை வரலாறுகள் போதுமான அளவு எழுதவில்லை.

பக்கத்துக் குன்றக்குடி வேறொரு பாதையைக் காட்டியது. அந்த ஊர் குன்னக்குடி வைத்தியநாதன் எடுத்தது மேற்கிலிருந்து வந்து கர்நாடக இசையில் கலந்துவிட்ட வயலின். அதில் மெட்டே கிடையாது. சுவரத்தின் இடத்தைத் தொடக்கத்திலிருந்தே காதுதான் காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதிலேயே பெரிய வித்துவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கியவர், பின்னாளில் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டுத் தனி வாசிப்பையே எடுத்துக்கொண்டார். வலயப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு சேர்ந்து கோயில் விழாக்களில் அவர் வாசித்தபோது கூட்டம் தெருவை அடைத்தது. சினிமாப் பாட்டும் குயில் கூவலும் வயலினில் வந்ததைக் கண்டு முகம் சுளித்த ரசிகர்கள் உண்டு. அவர்கள் ராக ஆலாபனை வரும்வரை காத்திருந்து கேட்டிருந்தால் வில் எவ்வளவு சுத்தமாக நின்றது என்று தெரிந்திருக்கும். சபாவுக்கே போகாதவர்களுக்கு வயலின் என்றால் குன்னக்குடி என்று ஆனதும் ஒரு சாதனைதான்.

இப்போது கீழச்சிவல்பட்டிப் பிள்ளை ஒன்று வாத்தியம் பழக நினைத்தால் சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், படிப்பு மூன்று ஆண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மங்கல இசைக்காரர்களும் ஓதுவார்களும் கோயில்களுக்குத் தொடர்ந்து கிடைப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பட்டியலில் வீணை இல்லை. வீணைக்கு மதுரை அரசு இசைக் கல்லூரி போன்ற இடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேட வேண்டும். கணினித் திரை வழியாகப் பாடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வலது கைப் பாடத்துக்கு அது போதும், இழுப்புக்கு ஆசிரியர் எதிரே உட்கார வேண்டும்.