சிவப்பு போகட்டும், கறுப்பு இருக்கட்டும்

தலைப்பில் அரசியல் எதுவும் இல்லை. இது கத்தி பற்றிய கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், துருப்பிடித்த கத்தியைப் புதுசாக்கிக் காட்டும் வீடியோக்கள் பற்றிய விமர்சனம்.

யூ டியூப் பக்கம் போகிறவர்கள் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது. பெரும்பாலும் ஒரே கதைதான். மேஜை மேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கிடக்கிறது. கத்தி என்று நாமாக யூகித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு துரு. இரண்டு கைகள் வருகின்றன. முகம் கிடையாது, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. கழற்றுகிற சத்தம், உரசுகிற சத்தம், மெஷின் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். பழைய பிடி உடைத்து எறியப்படுகிறது. கத்தி அமிலத்தில் முங்குகிறது. கம்பி பிரஷ்ஷில் மாட்டிக்கொள்கிறது. பெல்ட் கிரைண்டரில் பொறி பறக்கிறது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வஸ்து வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு காகிதமோ தக்காளியோ சர்ரென்று இரண்டாகிறது. சுபம்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீஸிலிருந்து அலுத்துப்போய் வந்தவனுக்கு, உலகத்தில் ஒரு வேலையாவது ஆரம்பித்து ஒழுங்காக முடிகிறது என்பதே பெரிய ஆறுதல். கெட்டுப்போனால் தூக்கிப் போடு, புதுசு வாங்கு என்று பழகிவிட்ட நமக்கு, ரிப்பேர் என்று ஒன்று உண்டு என்பதை ஞாபகப்படுத்துகிற புண்ணியமும் இவற்றுக்கு உண்டு. தேர்ந்த கைகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்திலிருந்து வரும் 'மை மெக்கானிக்ஸ்' சேனலில், உபயோகமில்லாத திருகாணி ஒன்று வந்தால் ஒட்டுப்போட்டு மறைக்க மாட்டார். புதிதாக ஒன்று செய்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, லேத்தில் கடைந்து காட்டுவார். எது பழசு, எது புதுசு என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். இந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

எல்லோரும் இப்படி இல்லை. உப்புத் தண்ணீரையும் அமிலத்தையும் ஊற்றி, துருவையே தயாரித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நிஜமான பழைய துரு ஏறுமாறாக இருக்கும். ஓரிடத்தில் அடர்ந்த பழுப்பு, ஓரிடத்தில் கறுப்பு, அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். செட்டப் துரு பெயின்ட் அடித்தாற்போல் ஒரே ஆரஞ்சு. துடைத்தால் அடியில் குழியே இருக்காது.

என் புகார் இந்தப் பித்தலாட்டம் பற்றியதல்ல. ஒழுங்காக, உண்மையாக எடுத்த வீடியோக்கள் பற்றித்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சமையல் பைத்தியம். சமீபத்தில் ஆன்லைனில் ஒரு ஜப்பானிய ஏலத்தில் 'தேபா' ஒன்று வாங்கினான், செகண்ட் ஹேண்ட். மீனின் தலையை எடுக்கவும், முள்ளை ஒட்டிச் சதையைப் பிரிக்கவும் ஜப்பானியர்கள் வைத்திருக்கும் தடித்த முதுகுக் கத்தி. விற்றவர் கொடுத்திருந்த விவரம், 'அங்கங்கே கொஞ்சம் துரு'. பார்சலைப் பிரித்தால் அங்கங்கே கொஞ்சம் கத்தி.

"மாமா, இதே மாதிரி பண்ணிடட்டுமா?" என்று ஒரு வீடியோ லிங்க்கை அனுப்பினான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு வாரம் உட்கார்ந்து இவற்றைப் பார்த்தேன். பார்த்து முடித்துச் சொன்னது: வேண்டாம்டா.

ஏன் என்று சொல்ல, அந்தக் கத்தியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த ரகத்துக்குப் பேர்போன ஊர், ஒசாகாவை ஒட்டிய சாகாய். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை வந்தபோது, அந்த இலையைச் சன்னமாக நறுக்கக் கத்தி அடித்துக் கொடுத்து வளர்ந்த ஊர். இன்றைக்கும் அங்கே இரும்பை அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி மாட்டுபவர் ஒருவர்.

தேபா பெரும்பாலும் முழு எஃகு கிடையாது. உடம்பு மிருதுவான இரும்பு. ஒரு பக்கத்தில் மட்டும் கடினமான எஃகுத் தகட்டைக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். வெட்டுவது அந்த எஃகு. சரிவும் ஒரு பக்கம்தான். மறுபக்கம் தட்டையாகத் தெரியும். தடவிப் பார்த்தால் உள்ளங்கை மாதிரி லேசான குழிவு. அந்தக் குழிவால்தான் சதை கத்தியோடு ஒட்டாமல் விலகுகிறது. கல்லில் வைத்தால் ஓரங்கள் மட்டும் படுகின்றன. முன்பக்கம் சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் தெளிவாக ஒரு கோடு ஓடும். தீட்டுகிறவனின் கை கோணத்துக்கு அதைத்தான் நம்புகிறது. பிடிக்குப் பக்கத்தில் உளியால் வெட்டிய சில எழுத்துகள், கொல்லரின் பேரோ பட்டறையின் பேரோ.

இதை பெல்ட் கிரைண்டரில் பத்து நிமிஷம் காட்டுங்கள். துரு போய்விடும். கூடவே குழிவு சமமாகிவிடும், கோடு மழுங்கிவிடும், எழுத்து மறைந்துவிடும். இன்னொரு சமாசாரமும் நடக்கும். இந்த மாதிரிக் கார்பன் எஃகை வழக்கமாக 150 முதல் 200 டிகிரி சூட்டில் பதம் பண்ணியிருப்பார்கள். விளிம்பு மெலிசு, மெஷினில் வைத்தால் விறுவிறுவென்று சூடு ஏறும். நீலம் ஓடினால் கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டாச்சு என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போச்சு. பளபளப்பு இருக்கும், கூர் நிற்காது.

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்காகத்தான் பார்க்கத் தெரியும். துரு என்பது தேய்மானம். வருஷா வருஷம் இரும்பில் கொஞ்சம் கழிகிறது. அந்தத் துருவை எடுக்க நாம் தேய்ப்பதும் தேய்மானம்தான். முதலாவதை இயற்கை எழுதியாயிற்று, நம் கையில் இருப்பது இரண்டாவது மட்டும். கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை அதை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பான். இந்த வீடியோக்கள் சொத்தில் பாதியை அழித்துவிட்டு, மிச்சத்துக்குப் பாலீஷ் போட்டு, லாபம் என்று காட்டுகின்றன.

இனி சிவப்பும் கறுப்பும். துரு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு ஆசாமிகள் இருக்கிறார்கள். சிவப்பன், இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கியது. பொரபொரவென்று உதிரும், ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பையும் கூப்பிடும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். கறுப்பன் வேறு ஜாதி. வெங்காயம், எலுமிச்சை, மீன் என்று வெட்ட வெட்ட, எஃகின் மேல் படியும் சாம்பலும் நீலமும் கறுப்புமான மெல்லிய படலம். இரும்போடு ஒட்டிக்கொண்டு, சிவப்பன் வருவதைத் தாமதப்படுத்தும். ஒரேயடியாகத் தடுக்காது, ஆனால் காவல் காக்கும்.

நமக்கு இது புதுசா என்ன? இரும்பு தோசைக்கல்லை வாங்கியதும் யாரும் பளபளவென்று தேய்த்து வைப்பதில்லை. எண்ணெய் தடவிக் காயவைத்து, கறுப்பாக்கி, 'பழக்கி' எடுக்கிறோம். அந்தக் கறுப்பு எண்ணெய் சுட்டு உண்டானது, இந்தக் கறுப்பு எஃகே புளித்து உண்டானது. ரசாயனம் வேறு, புத்தி ஒன்று. தோசைக்கல்லைக் கம்பி நாரால் தேய்த்து வெள்ளையாக்கிய மருமகளை எந்த மாமியாரும் பாராட்டியதில்லை. அரிவாள்மனையும் அப்படித்தான், உபயோகித்ததும் ஈரத்தைத் துடைத்து வைப்பார்கள், அவ்வளவே. 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி குரோமியம் சேர்த்த துருப்பிடிக்காத எஃகைக் கொண்டுவந்தார். பின்னால் அது எவர்சில்வராக நம் சமையலறைக்குள் நுழைந்தது. கத்தி என்றால் வெள்ளையாக மின்ன வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குப் பிறகு வந்ததுதான்.

டில்லி இரும்புத் தூண் சுமார் 1600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. துருவே பிடிக்காத அதிசயம் என்று டூரிஸ்ட் கைடுகள் சொல்வார்கள். ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னது வேறு. அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்; அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருக்கிறது. அதாவது, தூணைக் காப்பாற்றுவதே ஒரு வகைத் துருதான்.

ஜப்பானியர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். பழைய வாள் ஒன்றைத் தீட்டுகிற நிபுணர் அலகை வாரக்கணக்கில் கல்லில் இழைத்துக் கண்ணாடியாக்குவார். ஆனால் பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தைத் தொடமாட்டார். அங்கேதான் கொல்லரின் கையெழுத்து இருக்கிறது, நூற்றாண்டுகளின் துருவோடு. அந்தத் துருவின் நிறத்தையும் தன்மையையும் வைத்துத்தான் வாளின் வயதை மதிப்பிடுகிறார்கள். யாராவது ஆர்வக்கோளாறில் அதைச் சுத்தம் செய்துவிட்டால் வாளின் மதிப்பு மடமடவென்று சரியும். ஒரே பொருளில் ஒரு பாதி மின்ன வேண்டும், மறு பாதி துருவோடு இருக்க வேண்டும். எது எங்கே என்று தெரிந்திருப்பதற்குப் பேர்தான் தொழில்.

நம் ஊரிலும் இதே பாடத்தைப் பெரிய ஃபீஸ் கட்டிப் படித்திருக்கிறோம். பழைய கோயில்களில் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது. கூடவே சிற்பத்தின் கண் இமையும், கல்வெட்டின் எழுத்தும் போயின. பிறகு தடை வந்தது. போன எழுத்து வரவில்லை. ஒரு மீன் கத்தியைக் கோயிலோடு ஒப்பிடலாமா என்று கேட்காதீர்கள். அடித்த கொல்லர் இன்று இருப்பாரா என்றே தெரியாது. அவர் விட்டுப்போன கையெழுத்து இரும்பின் மேல் மயிரிழை ஆழத்துக்குத்தான் இருக்கிறது.

சரி, துருப்பிடித்த கத்தி வந்துவிட்டது, என்னதான் செய்வது? வீடியோ எடுக்குமளவுக்கு ஒன்றுமில்லை. முதலில் பிடியை ஆட்டிப் பாருங்கள். நிஜ ஆபத்து பிடிக்குள்ளே அழுகும் இரும்புதான். ஆடினால் கழற்றிப் பார்த்தாக வேண்டும். பிறகு கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கத்திக்கென்றே விற்கும் துரு ரப்பராலோ மிக நைஸான ஸ்டீல் உல்லாலோ நிதானமாகத் தேயுங்கள், விளிம்பிலிருந்து விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு. சிவப்பு கையோடு வரும். கறுப்பு வராது. வராததை விட்டுவிடுங்கள்.

எல்லோரும் சொல்லும் வினிகர் வைத்தியம் வேலை செய்யும். ஆனால் துருவைத் தின்றுவிட்டு அது நிறுத்திக்கொள்ளாது, எஃகையும் ருசி பார்க்கும். பழகின கறுப்பும் அதோடு போய்விடும். ராத்திரி ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் காலையில் மங்கலான, அரித்துப்போன கத்தியைத்தான் பார்ப்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் கொஞ்ச நேரம், பக்கத்திலேயே இருந்து. பிறகு சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். குழிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். முகத்தில் இருக்கும் குழி மீனுக்குத் தெரியாது. விளிம்பில் இருந்தால் மட்டும் தண்ணீர்க் கல்லில் தீட்டத் தீட்ட, வருஷங்களில் தானாகப் போகும். ஒவ்வொரு தடவையும் காயத் துடைத்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு தடவி வையுங்கள். ஜப்பானில் கமேலியா எண்ணெய் தடவுவார்கள். நமக்கு இது போதும். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

அக்கா மகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து இதைச் செய்தான். முன், பின் என்று இரண்டு போட்டோ அனுப்பினான். "வித்தியாசமே தெரியல மாமா, இதை எங்க போடறது?" என்று குறை வேறு. உற்றுப் பார்த்தால் இரண்டாவது போட்டோவில் எழுத்து படிக்கிற மாதிரி தெரிந்தது.

அவன் குறையில்தான் என் விமர்சனமே இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு பார்வையாளர்கள் என்பது இந்த வீடியோக்களின் இலக்கணம். அதனால் மெஷினை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடிவதில்லை. போதும் என்று ஒரு கை விலகுவதை எந்தக் கேமராவாலும் சுவாரஸ்யமாகக் காட்ட முடியாது. ஆனால் பழசைச் சீர் செய்கிற தொழிலில் பாதி அந்தப் 'போதும்'தான்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், தக்காளி இரண்டானதும் கை தட்டிவிடாதீர்கள். மறுநாள் காலையை யோசித்துப் பாருங்கள். பழகின கறுப்பெல்லாம் போய் அம்மணமாக நிற்கும் எஃகு அது. சென்னை மாதிரியோ சிங்கப்பூர் மாதிரியோ கடற்கரை ஊரில், துடைக்க மறந்த ஒரு சொட்டு தண்ணீர் போதும். காபி குடித்துவிட்டு வருவதற்குள் சிவப்பன் திரும்பியிருப்பான். ஒரு வருஷம் மீன் வெட்டிய பிறகு அதே கத்தி எப்படி இருக்கிறது என்று யாராவது ஒரு வீடியோ போடட்டும். லைக் என்ன, சப்ஸ்கிரைபே பண்ணுகிறேன்.