ஒரு மார்க் பாக்கி!

2012 ஜூன் 9. லாஸ் வேகாஸ், எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கம். பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோவும் அமெரிக்காவின் டிமோதி பிராட்லியும் பன்னிரண்டு ரவுண்டு அடித்துக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். பாக்கியாவோ ஏழு வருடமாகத் தோல்வியே பார்க்காதவர். அன்றைக்கும் அவர்தான் என்று முக்கால்வாசிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். தீர்ப்பு வந்தது. மூன்று நடுவர்களில் ஒருவர் பாக்கியாவோ பக்கம், இரண்டு பேர் பிராட்லி பக்கம். பட்டம் கை மாறிவிட்டது!

அப்புறம் கேட்பானேன்? உலகத்தில் குத்துச்சண்டை பார்க்கிற அத்தனை பேரும் நடுவர் ஆகிவிட்டார்கள். ‘253 குத்து விழுந்திருக்கு சார், அந்தாளோடது 159தான்’ என்று ஒரு கட்சி, எண்ணிச் சொல்லும் கம்ப்யூபாக்ஸ் கணக்கை நீட்டியது. ‘எண்ணிக்கையை வெச்சு என்ன பண்றது? ரவுண்டு ரவுண்டாத்தானே மார்க்கு? கடைசி ரவுண்டுகள்ல மேனி அசந்துட்டாரே’ என்றது இன்னொரு கட்சி. வர்ணனையாளர் பேச்சு நம் கண்ணை ஏமாற்றுகிறது, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார் என்றார்கள் சிலர். அணைத்துவிட்டுப் பார்த்தும் பாக்கியாவோதான் ஜெயித்தார் என்றார்கள் பலர். பிராட்லியை ஆயிரம் பேசிய அதே வாய்கள் கடைசியில் ஓர் இடத்தில் ஒற்றுமையாகிவிட்டன. ‘ரீ-மேட்ச் வைங்க!’

என் தகராறு அந்த ஒற்றுமையோடுதான்.

மார்க் போடும் முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. கீழே விழுந்தால் ஒவ்வொரு விழலுக்கும் வழக்கமாக இன்னும் ஒன்று குறையும். மூன்று நடுவர்கள் மேடையின் மூன்று பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகப் போடுவார்கள். கூட்டினால் தீர்ப்பு. அன்றைக்கு மூன்று பேர் சீட்டிலும் 115-113தான். அதாவது, ஏழு ரவுண்டு ஒருவருக்கு, ஐந்து மற்றவருக்கு. பிராட்லி பக்கம் நின்ற இருவரில் யாராவது ஒருவர் ஒரே ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டிருந்தால், அவர் சீட்டு 114-114. சண்டை டிரா. பட்டம் பாக்கியாவோவிடமே இருந்திருக்கும். அவ்வளவு மெல்லிய நூல்!

இதைவிட மெல்லிய நூல் ஒன்று பாக்கியாவோவின் பழைய கணக்கில் இருக்கிறது. பி.காம். படித்துத் தொலைத்ததாலோ என்னவோ, எனக்கு இந்த விவகாரத்தில் அதுதான் ரொம்பப் பிடித்த பக்கம்.

2004 மே 8. எதிரே மெக்ஸிகோவின் ஹுவான் மானுவல் மார்க்வெஸ். முதல் ரவுண்டிலேயே பாக்கியாவோ அவரை மூன்று முறை தரையில் சாய்த்துவிட்டார். மனிதர் எழுந்ததே பெரிது. எழுந்தது மட்டுமல்ல, மிச்ச ரவுண்டுகளில் பாக்கியாவோவைப் படித்துப் படித்து அடித்தார். முதல் ரவுண்டுக்கு இரண்டு நடுவர்கள் 10-6 போட்டார்கள். மூன்றாமவர் பர்ட் கிளெமென்ட்ஸ் 10-7 போட்டார். கடைசியில் ஒருவர் சீட்டில் மார்க்வெஸுக்கு 115-110. இன்னொருவர் சீட்டில் அதே 115-110, ஆனால் பாக்கியாவோவுக்கு! (ஒரே சண்டையைத்தான் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள்.) கிளெமென்ட்ஸ் சீட்டில் 113-113. சண்டை டிரா. முதல் ரவுண்டுக்கு 6 போட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். போட்டிருந்தால் 113-112. பாக்கியாவோ ஜெயித்திருப்பார்.

பிளஸ் டூ பேப்பரில் மார்க் குறைந்தால் என்ன செய்கிறோம்? மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று விண்ணப்பம் வாங்க ஓடுகிறோம். ‘இன்னொரு தடவை பரீட்சை எழுதிடு கண்ணு’ என்று பிள்ளையிடம் யாராவது சொல்வோமா? குத்துச்சண்டையில் அதைத்தான் சொல்கிறார்கள். கூட்டலில் பிழை, லஞ்சம், ரெஃப்ரி விதியைத் தப்பாகப் பயன்படுத்தியது என்று ஒரு சில காரணங்களுக்குத்தான் பொதுவாக முடிவைத் திருத்துவார்கள். நடுவர் தானே கையைத் தூக்கி ‘தப்பு என்னோடது’ என்றாலும் சீட்டு சீட்டுதான்.

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும்... டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைப்பார்கள். பிழையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் தற்காலிக ஏற்பாடு. கண்டுபிடித்த பிறகும் அதை அங்கேயே விட்டு வைத்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? அந்த ஒரு மார்க்கை விட்டுத்தான் வைத்தார்கள். அது வட்டி போட்டது. 2008-ல் இரண்டாவது சண்டை. பாக்கியாவோவுக்குச் சாதகமாகப் பிளவுத் தீர்ப்பு. ‘முதல் இரண்டிலும் ஜெயித்தது நான்தான்’ என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு மார்க்வெஸ் மணிலாவுக்கே போய் இறங்கினார். 2011-ல் மூன்றாவது. இரண்டு நடுவர்கள் பாக்கியாவோ பக்கம், ஒருவர் சமம். மறுபடியும் கூச்சல். மறுபடியும் ‘இன்னொண்ணு வைங்க.’

வைத்தார்கள். பிராட்லி விவகாரம் முடிந்து ஆறே மாதத்தில், 2012 டிசம்பர் 8 அன்று. மூன்றாவது ரவுண்டில் பாக்கியாவோ விழுந்தார். ஐந்தாவதில் மார்க்வெஸ் விழுந்தார். ஆறாவது ரவுண்டு முடிய ஒரே ஒரு விநாடி மிச்சம். முன்னால் பாய்ந்த பாக்கியாவோவின் முகத்தில் மார்க்வெஸின் வலது கை இறங்கியது. பாக்கியாவோ முகம் குப்புற விழுந்தார். அசைவே இல்லை. அவர் மனைவி மேடையோரம் கதறியதை டி.வி.யில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு சண்டை, 42 ரவுண்டு. தொடக்கம் எங்கே என்று பார்த்தால், ஏழா ஆறா என்ற ஒரு மார்க்.

அதற்கு அப்புறமும் ‘ஐந்தாவது வைங்க’ என்றது ரசிகர் கூட்டம். மார்க்வெஸ் மாட்டேன் என்றுவிட்டார். பணம் காட்டினாலும் வரவில்லை. இந்தக் கதையிலேயே கணக்கு தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பிராட்லிக்கு வருவோம். தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ளாத மனிதர் அவர். இரண்டு காலிலும் அடிபட்டு, ஜெயித்த அன்று நிருபர்கள் முன்னால் சக்கர நாற்காலியில் வந்தவர். அவருக்குக் கிடைத்தது கொலை மிரட்டல்! பட்டம் கொடுத்த ஆணையமே ஐந்து நடுவர்களை வைத்து வீடியோவைத் திரும்பப் பார்க்கச் சொன்னது. ஐந்து பேரும் பாக்கியாவோ என்றார்கள். பட்டமோ பிராட்லியிடமே இருந்தது. அதாவது, ‘இது உன்னுடையது இல்லை, ஆனால் நீயே வைத்துக்கொள்’ என்று ஒரு மனிதனிடம் சொல்வது. இதைவிட அவமானம் உண்டா?

அடுத்த சண்டை 2013 மார்ச்சில், ரஷ்யாவின் ருஸ்லான் ப்ரோவோத்னிகோவுடன். பிராட்லி நகர்ந்து, விலகி, புத்தியால் ஆடுகிறவர். அன்றைக்கு அதை ஓரம்கட்டிவிட்டு, நானும் வீரன்தான் என்று காட்ட நேருக்கு நேர் நின்று வாங்கினார். முதல் இரண்டு ரவுண்டுகளிலேயே கால் தள்ளாடிவிட்டது. கடைசி ரவுண்டில் விழுந்து எழுந்து, மயிரிழையில் ஜெயித்தார். மூளையில் அதிர்ச்சி. அப்புறம் வாரக்கணக்கில் பேச்சு குழறியது என்று அவரே சொன்னார். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஆகா, வருடத்தின் சிறந்த சண்டை என்று கை தட்டினார்கள். அவரைத் திட்டித் திட்டி அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

சீட்டில் எழுதியவர்கள்? இருவரில் ஒருவரான சி.ஜே. ராஸ், அடுத்த வருடமே அதைவிடப் பெரிய சண்டைக்கு நடுவராக உட்கார்ந்தார். 2013 செப்டம்பரில் மேவெதர் - அல்வாரெஸ். மேவெதர் சுலபமாக ஆடிய சண்டை அது. மற்ற இரண்டு நடுவர்களும் அவருக்கே கொடுக்க, இவர் சீட்டில் 114-114. அதன் பிறகுதான் ஒதுங்கினார். பிழை விட்ட கணக்குப்பிள்ளையைக் கேள்வி கேட்காமல் இன்னும் பெரிய பேரேட்டைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இரண்டு பேரைப் பார்த்து ‘மறுபடியும் அடிச்சுக்குங்க’ என்று சொல்ல நமக்கு வாய் வருகிறது. மூன்று பேரைப் பார்த்து ‘அந்த ரவுண்டுக்கு ஏன் இப்படிப் போட்டீங்க, எழுதிக் கொடுங்க’ என்று கேட்க வரமாட்டேன் என்கிறது. முன்னதற்கு டிக்கெட் விற்கலாம். பின்னதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

பாக்கியாவோ - பிராட்லி ரீ-மேட்ச் வராமல் இல்லை. 22 மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 12 அன்று வந்தது. மூன்று நடுவர்களும் பாக்கியாவோவுக்கே கொடுத்தார்கள். ‘பார்த்தீங்களா, நியாயம் ஜெயிச்சிடுச்சு’ என்றார்கள். என்ன நியாயம்? நடுவில் ஒருவர் மார்க்வெஸிடம் மூர்ச்சையாகி விழுந்தவர், இன்னொருவர் ப்ரோவோத்னிகோவிடம் மண்டை கலங்கியவர். 2012-ல் மேடை ஏறிய அந்த இரண்டு பேர் இவர்கள் இல்லை. 2014-ல் தீர்ந்தது 2014-ன் சண்டை மட்டும்தான். போதாக்குறைக்கு, 2016-ல் மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. பிராட்லி இரண்டு முறை விழுந்தார், மூன்று சீட்டிலும் 116-110. அப்புறம் ஓய்வு பெற்று, டி.வி. வர்ணனையாளர் ஆகி, யாருக்கு எந்த ரவுண்டு என்று நமக்கு விளக்க ஆரம்பித்தார். நன்றாகவே விளக்குகிறார்.

பதிவேட்டில் 2012 ஜூன் 9-க்கு நேராக என்ன இருக்கிறது என்கிறீர்களா? பிராட்லி, 2-1 வெற்றி. ஓர் எழுத்து மாறவில்லை. 2004 மே 8-க்கு நேராக இன்னமும் டிராதான்.