திரையில் வந்த அநாதைப் பெண்

1905இல், திருச்சி இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கினார். காவிரிக்கு அப்பால், அரங்கன் கோயில் வாயில் தாழ்த்தப்பட்டோருக்கு அடைத்துக் கிடந்த காலம் அது! படக்கூடாரத்திலோ காசு கொடுத்தவரெல்லாம் ஒரே திரையைக் கண்டனர். கண்டது என்ன? முதலில் ஏசுநாதர் வரலாறு. பின்னர் நடராச முதலியாரின் 'கீசகவதம்' முதலான புராணங்கள்.

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம் உடற்பயிற்சி வல்லுநர். பம்பாய் சென்று, ஊமைப்படங்களில் 'ராஜா சாண்டோ' எனப் புகழ்பெற்றார். சென்னை திரும்பி, வை.மு. கோதைநாயகியின் நாவலை 1930இல் 'அநாதைப் பெண்' எனப் படமாக்கினார். தெய்வங்கள் ஆடிய திரையிலே திக்கற்ற பெண்ணொருத்தியை நிறுத்தினாரே, அதனை நாம் சிறு துணிவென்று கருதவில்லை. பேசும்படமான 'மேனகா'விலும் (1935) சமூகக் கதையையே எடுத்தார்.

ஆனால் 1938இல் 'விஷ்ணு லீலா'. அடுத்த ஆண்டு, திருச்சியில் வாழ்ந்த பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்'! பக்திக்கே பணம் குவிந்த சந்தையில் சாண்டோவின் தோள்வலியும் தளர்ந்தது.

1943இல் அவர் மறைந்தார். அரசு அவர் பெயரால் விருது வழங்கியது. 'அநாதைப் பெண்'ணையோ தென்னாட்டு ஊமைப்படங்கள் பலவற்றோடு அழியவிட்டோம்.