பன்னிரண்டு குளியல், ஒரே ஓட்டம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் முடிக்கும் டிரையத்லானுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது பழகுகிறார்கள். 2019-ல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டிதான் பலருக்குக் கனவு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், கூட்டினால் 113. இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு நம் குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டம்தான் நினைவுக்கு வந்தது. மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்கள், ஏறத்தாழ 110 கிலோமீட்டர், செருப்பில்லாத கால். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்கிறோம். முந்தின நாளே கிளம்பி, இரவெல்லாம் ஓடி, சிவராத்திரியன்று முடிக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றி எல்லாரும் வியந்தாயிற்று. என்னை ஈர்ப்பவை அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன நுட்பங்கள்.

முதலில் தண்ணீர். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு கும்பிட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது மரபு. திக்குறிச்சியில் தாமிரபரணி, திற்பரப்பில் கோதையாறு. டிரையத்லானில் நீரிலிருந்து சைக்கிளுக்கு மாறும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைத் தனியாகவே பழகுவார்கள். தலைக்கவசத்தின் வார் பூட்டும் முன் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தால் தண்டனை என்று விதியே உண்டு. ஒரு போட்டியில் அப்படி இரண்டு மாற்றம்தான். இங்கே பன்னிரண்டு. திற்பரப்பில் ஒரு இளைஞர் கரையேறியதும் வேட்டியை முறுக்கப் போனார். பக்கத்தில் நின்ற பெரியவர் தடுத்தார்: "பிழியாத மக்கா. ஓடும்போ அதுதான் தணுப்பு." அவ்வளவுதான் சொன்னார். ஓட்டத்தில் உடம்பு கொதிக்கும்போது, துணியிலுள்ள ஈரம் ஆவியாகி அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உடலியல் பாடத்தில் ஒரு பக்கம் எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஈரத்துணி தொடையை அறுக்காமலிருக்க அதே பெரியவர் தேங்காய் எண்ணெய் தடவியிருந்ததையும் கவனித்தேன். டிரையத்லான்காரர்கள் வாசலின் தடவுவதும் இதற்குத்தான்.

அடுத்தது குரல். ஒருவர் "கோவிந்தா" என்க, மற்றவர்கள் "கோபாலா" என்கிறார்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் நெடுந்தூரத்துக்கு ஏற்ற வேகம் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கோவிந்தன்மாருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கோபாலா' பாதியில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கூட்டம் தானாகத் தணிகிறது. கையில் ஓலை விசிறி. சன்னிதியில் இறைவனுக்கு வீசத்தான் அது. ஆனால் விசிறி பிடித்த கை இறுகாமல், தோள் இளகி ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்தால் அத்தனை அழகு.

கோயில்களின் வரிசையும் ரசிக்கத்தக்கது. கால் புதிதாக இருக்கும்போது திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு என்று நீள நீளமான ஓட்டங்கள். திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் தாண்டிக் கல்குளம் வந்தவனுக்கு, மேலாங்கோடு கூப்பிடு தூரம்போலக் கிட்ட வருகிறது. பிறகு திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. யார் இந்த வரிசையை வகுத்தார்களோ, களைத்த காலின் மனசு தெரிந்தவர்கள்.

பருவம் வேறு கைகொடுக்கிறது. கும்பப்பூ நெல் அறுவடை நடக்கிற சமயம். வைக்கோல் வாசம் காற்றில் இருக்கும். குலசேகரம் பக்கத்து ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் தளிர் விடும் காலமும் இதுதான். இளவெயில் அந்தத் தளிர்வழியே சாலையில் விழும். அதைப் பார்க்க இரவெல்லாம் ஓடியிருக்க வேண்டும் என்றில்லை; விடியலில் எழுந்து சாலைக்கு வந்தால் போதும். உச்சி வெயிலில் தார் காயும்போது ஓட்டக்காரர்கள் ஓரத்து மண்ணைத் தேடி ஒதுங்குவார்கள். வழியெல்லாம் மோரும் பானகமும் சுக்குக்காப்பியும் கஞ்சியும் நீட்டும் வீடுகள்.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் கோவிந்தன் பேரை ஏன் சொல்கிறான் என்பதற்கு ஒரு கதை உண்டு. சிவனைத் தவிர வேறு பேரைக் கேட்கப் பொறுக்காத, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தை வேள்விக்கு வரவழைக்கப் போனான் பீமன். கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்தனுப்பினான். பீமன் 'கோவிந்தா, கோபாலா' என்று கூவ, அது துரத்தியது. பிடிபடும் நேரத்தில் அவன் ஒரு ருத்திராட்சத்தைப் போட, அங்கே லிங்கம் எழும்பியது; துரத்தியது நின்று பூசை செய்தது. கடைசியில் அது பீமனைப் பிடித்தபோது, அவனுடைய ஒரு கால் அதன் எல்லைக்கு உள்ளே, மற்றது வெளியே. வழக்கு தருமனிடம் போயிற்று. பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே என்று, தம்பி என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்னான் தருமன். இன்றைய டிரையத்லானில் காலும் கையும் கணக்கில்லை, உடற்பகுதி கோட்டைத் தொட வேண்டும். எல்லைக்கோட்டில் எழும் சந்தேகத்தை இவ்வளவு அக்கறையாக நினைத்துப் பார்த்த கதையை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இப்போது பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டையும் சுற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உடம்பு இயலாதவர்கள் அப்படிப் போவதில் குறையொன்றுமில்லை. இயன்றவர்கள் திருமலையிலிருந்து திக்குறிச்சி வரையாவது காலால் போய்ப் பார்க்க வேண்டும். 110-ம் முடியாவிட்டாலும் ஓட்டத்தின் ருசி அந்த முதல் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

வண்டி ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிவராத்திரியை ஒட்டிய இரண்டு நாளும் அந்தச் சாலைகளில் விளக்கைத் தாழ்த்தி, மெதுவாகப் போங்கள். சாலையோரத்தில் இருப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்தால் முந்தின நாளே பெருக்கி எடுத்துவிடுங்கள். அத்தனை பேரும் வெறுங்காலோடு வருகிறார்கள்.