சுமை வேறு, எடை வேறு

பொட்டலத்தோடு மூன்றாவது மாடிக்கு ஏறிவந்த இளைஞர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "சார் இல்லையாக்கா? வெயிட்டா இருக்கு. நீங்க தூக்க மாட்டீங்க." உள்ளே இருந்தது எட்டுக் கிலோ. அவர் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி, முந்தின நாள் இறக்கிய கேஸ் சிலிண்டர் இருந்தது. எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பதுக்குப் பக்கம் வரும். மாதாமாதம் அதை விளிம்பில் சாய்த்துச் சமையலறைவரை உருட்டிப் போவது நான்தான். அதைப் பார்த்து "நீங்க தூக்க மாட்டீங்க" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பொட்டலத்தில் வந்தது கெட்டில்பெல். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. தமிழில் இதற்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. என் மகள் 'குண்டு' என்றே கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்ட பெயரும் அதுதான். ஒரு பெண்ணின் உடம்பைக் கேலி செய்யும் சொல்லும், அவள் பலம் பெறத் தூக்கும் பொருளின் பெயரும் ஒன்றாக இருப்பது மொழியின் தற்செயல். ஆனால் எடை என்றதும் பெண்ணிடம் நாம் முதலில் கேட்பது "எவ்வளவு இருக்கே?" என்றுதான்; "எவ்வளவு தூக்குவே?" என்று கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது இக்கட்டுரை.

ரஷ்ய மொழியில் இதன் பெயர் கிர்யா. இலக்கணப்படி அது பெண்பால் பெயர்ச்சொல். சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்தது. அங்கே பழைய நிறுத்தல் அளவு பூட். ஒரு பூட் என்பது பதினாறு கிலோவுக்குச் சற்று மேல். நிறுவை முடிந்த நேரத்தில் ஆண்கள் அதைத் தூக்கிப் பலம் காட்டினார்கள். 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி தொடங்கிய பயிற்சிக் கழகம் அதை முறையான உடற்பயிற்சிக் கருவியாக்கியது. பிறகு சோவியத் ராணுவம், அதன்பின் அமெரிக்க உடற்பயிற்சிச் சந்தை என்று பயணப்பட்டு என் வாசலுக்கு வந்திருக்கிறது. இந்த வரலாற்றில் நெடுங்காலம் பெண்பாலாக இருந்தது அந்தச் சொல் மட்டும்தான்.

நம் ஊர்க் கதையும் வேறல்ல. தென்மாவட்டங்களில் ஊர்ப் பொதுவிடங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னே போடுகிறவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு. கல் ஆணின் தகுதியை அளந்தது. பெண் அந்த அளவையின் பரிசாக நின்றாள். இன்று சில ஊர்களின் பொங்கல் போட்டிகளில் பெண்களும் அதே கல்லைத் தூக்குகிறார்கள். தன்னைப் பரிசாக வைத்த கல்லையே தூக்கிப் பார்க்கும் அந்தப் பெண்களைப் பற்றி நம் இலக்கியம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை.

இலக்கியம் எழுதியது வேறொரு பெண்ணை. காமத்துப்பாலில் தலைவியின் அழகைப் புனைந்துரைக்கும் அதிகாரத்தில், காம்பைக் கிள்ளாமல் அனிச்சப்பூவைச் சூடிவிட்டாள், இனி இவள் இடை தாங்காது, இவளுக்குச் சாப்பறைதான் என்று தலைவன் பதறுவான். ஒரு பூக்காம்பின் பாரம் கொல்லும் இடை. இருக்கிறதா இல்லையா என்று ஐயுறத்தக்க இடையை நம் கவிதை மரபு நூற்றாண்டுகளாகக் கொண்டாடியிருக்கிறது. அதே மரபில்தான் உலக்கையை ஓங்கி நெல் குற்றும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டும் இருக்கிறது. உலக்கை ஓங்கியவளுக்கும் இடை இருந்தது, அது முறியவில்லை. வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்து நடத்தும்போது மாணவிகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, மதியம் சாப்பிடாமல் இருக்கிறார்கள். இடை குறைய வேண்டுமாம்.

உலகமும் இதில் மெதுவாகத்தான் நகர்ந்தது. நவீன ஒலிம்பிக்கில் ஆண்களின் பளுதூக்குதல் 1896இலேயே இருந்தது. பெண்களுக்கு அது வந்தது 2000இல், சிட்னியில். நூற்றுநான்கு ஆண்டு இடைவெளி. அந்த முதல் வாய்ப்பிலேயே 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார் கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இப்போது பெண்களுக்கென்று எழுதப்படும் பயிற்சிக் குறிப்புகளை வாசிப்போம். அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே உறுதிமொழியோடு தொடங்குகின்றன: 'பயப்படாதீர்கள், எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிட மாட்டீர்கள்.' பிறகு வயிறு தட்டையாகும், கை மெலியும், பிரசவத்துக்கு முந்தைய உடம்பு திரும்பக் கிடைக்கும் என்கின்றன. அந்த உறுதிமொழி மருத்துவரீதியில் பெரும்பாலும் சரி; பெண்ணுடலில் தசை அவ்வளவு எளிதில் பெருத்துவிடாது. ஆனால் ஒரு விமர்சகராக என் கேள்வி வேறு. பெருத்தால்தான் என்ன? பலத்தைக் கொடுக்கும்போதே அது வெளியே தெரியாது என்று சமாதானமும் சொல்லிக் கொடுப்பானேன்? அனிச்சப்பூவுக்குப் பயந்த அதே கண்தான் இந்தக் குறிப்புகளையும் எழுதுகிறது. ஒருவர் பார்க்க அழகாக இருப்பதற்கே பெண்ணுடல் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

இன்னொரு வாதம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. "வீட்டு வேலையை ஒழுங்கா செஞ்சாலே போதும், தனியா எக்சர்சைஸ் எதுக்கு?" என் அம்மாவும் இதைச் சொன்னவர்தான். அம்மியில் அரைத்தார், தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். அறுபத்தெட்டாவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார்; இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு நிறையவே தேய்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். "வாழ்நாள் பூரா தூக்கினேனே" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடப்போய்த்தான் இந்தக் குண்டு வீட்டுக்கு வந்தது.

எலும்பும் தசையும் தங்களுக்குப் பழகாத பாரத்தைச் சந்திக்கும்போதுதான் வலுப்படும். அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். நடுவில் ஓய்வும், தட்டில் பருப்போ முட்டையோ வேண்டும். வீட்டு வேலையில் இந்த மூன்றும் இல்லை. அதே குடம், அதே இடுப்பு, அதே பக்கம். ஓய்வு கிடையாது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் கிடைப்பது மிச்சம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பிழப்பு வேகமெடுக்கும்போது, நாற்பது ஆண்டு உழைப்பு அதற்கு எதிராகச் சேமித்து வைத்தது போதவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. வீட்டு வேலையே உடற்பயிற்சி என்பது உண்மையானால் இந்நாட்டின் பெண்கள் எல்லாரும் மல்லர்களாக இருந்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அது பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு ஆறு அல்லது எட்டுக் கிலோ போதும். இரண்டு கிலோ வேண்டாம். மிக லேசாக இருந்தால் கையாலேயே தூக்கத் தோன்றும், இடுப்பு வேலை செய்யாது. முதல் இரண்டு வாரம் நான் குண்டை வீசவே இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி முன்னால் நின்று, முட்டியை லேசாக மட்டும் மடக்கி, முதுகு வளையாமல் பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடப் பழகினேன். சொல்ல எளிது. எனக்கு நான்கு நாள் வரவில்லை. குனியும்போது மார்பை மூடு, உட்காரும்போது பாவாடையை இழுத்துவிடு, நடக்கும்போது பின்பக்கம் அசையக் கூடாது என்று பழக்கிய உடம்பு அது. பூட்டிய அறைக்குள், யாருமில்லாதபோதும், பின்னால் தள்ளக் கூசியது. நாணம் மனத்தில் மட்டும் இருப்பதாக நான் பாடம் நடத்தியிருக்கிறேன். இடுப்பு மூட்டிலும் இருக்கிறது.

அது வந்தபின் குண்டைக் கணுக்கால்களுக்கு நடுவே வைத்து, இரு கையால் பிடித்து, நிமிர்ந்து நின்று, மறுபடி தரையில் வைப்பது. ஐந்து முறை, மூச்சு அடங்கும்வரை ஓய்வு, இப்படி மூன்று சுற்று. இது சலிப்பில்லாமல் வந்தபிறகே வீச்சு. கால்களுக்கிடையே பின்னே போகும் குண்டை, பிட்டமும் தொடையும் இறுக நிமிர்வதால் மார்பளவுக்கு முன்னே அனுப்ப வேண்டும். கை வெறும் கயிறு. மேலே வரும்போது மூச்சை விட வேண்டும். பத்து வீச்சு, ஓய்வு. வெறுங்கால், துப்பட்டா இல்லை, முன்னும் பின்னும் ஆள் இல்லை, டைல்ஸ் தரையில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு. பக்கவாட்டில் கைபேசியை நிறுத்திப் படமெடுத்துப் பார்த்தால் முதுகு வளைவது தெரியும். பயிற்சி பெற்ற ஒருவர் ஒருமுறை பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது. ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுத்தட்டுப் பிரச்சினை, கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் அண்மையில் பிரசவித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வீசும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் இயன்முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்கும் இருப்பதுதான், சரிசெய்யப் பயிற்சிகள் இருக்கின்றன.

இத்தனையும் சொல்லும்போது என் மேலேயே எனக்கொரு சந்தேகம் உண்டு. எங்கள் குடியிருப்புக்கு எதிரே கட்டட வேலை நடக்கிறது. சித்தாளாக வேலை செய்யும் பெண்கள் தலையில் செங்கல் ஏந்திச் சாரம் ஏறுகிறார்கள். கொத்தனாரைவிட அவர்களுக்குக் கூலி குறைவு. மாலை வீடு திரும்பியதும் அடுப்பு காத்திருக்கும். அவர்களிடம் போய் வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள் என்று சொல்ல முடியுமா? ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒருத்தி எட்டுக் கிலோவைக் காசு கொடுத்து வாங்கித் தூக்குகிறாள். எதிர்க் கட்டிடத்தில் ஒருத்தி அதைவிடக் கூடுதலாகத் தூக்கிக் காசு வாங்குகிறாள். இந்த முரணைப் பேசாத பெண்பலம் வெறும் சந்தைப் பேச்சு. நடவு வயலில் குனியும் பெண்ணும் இடுப்பில்தான் மடிகிறாள். நான் சுவரோரம் பழகிய அதே அசைவு. ஆனால் எப்போது நிமிர்வது என்பதை அவள் முடிவுசெய்வதில்லை.

வேறுபாடு கிலோவில் இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். எத்தனை முறை, எப்போது நிறுத்துவது, அடுத்த வாரம் கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தூக்குகிறவள் தீர்மானித்தால் அது எடை. வேறொருவர் தீர்மானித்தால் சுமை. ஆகவே பெண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்று கேட்கும்போதே, அவள் சுமையில் பாதியை இறக்க வீட்டிலுள்ள ஆண் வர வேண்டும் என்றும், சித்தாளுக்குக் கூலியும் ஓய்வும் வேண்டும் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் 299 நிமிடங்களோடு இன்னொரு இருபது நிமிடக் கடமையைப் பெண்ணின் தலையில் ஏற்றியவர்களாவோம்.

தமிழகச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். பிள்ளையை ஈன்றெடுக்காமல் கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுவுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாததை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. பெண் சுமையை இறக்க வேண்டும் என்பது நம் சமூகத்துக்குத் தெரியாததல்ல. அவள் இறந்தபிறகு தெரிந்திருக்கிறது.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது அவருக்கு இயன்முறை மருத்துவர் தந்த பயிற்சி. தினமும் எட்டு முறை எழுகிறார். நேற்று நான் குண்டைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"இதைத் தூக்கி எங்கடி கொண்டு போகப் போற?"

"எங்கயும் இல்லம்மா. இங்கயேதான் வைக்கப் போறேன்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒன்பதாவது முறை எழுந்தார்.