சர்க்கரை மருந்தும் விறைத்த இருதயமும்

சுருங்கும் வலிமை குன்றாதிருந்தும், விரிந்து இரத்தத்தை ஏற்கும் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துப்போகும் இருதயம் ஒன்று உண்டு; இருதயச் செயலிழப்பில் இதுவும் ஒரு வகை. அதனால் அவதியுறும் முதியவர், ‘பம்பிங் நன்றாகவே இருக்கிறது’ என்று எக்கோ பரிசோதனையில் நற்சான்று பெற்று வந்த பிறகும், நாலு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறார். நீர் பிரிய ஒரு மாத்திரையும், உப்பைக் குறையுங்கள் என்ற உபதேசமும் அல்லாமல், இவருக்குக் கொடுக்க வைத்தியரிடம் நெடுங்காலம் அதிகம் ஒன்றும் இருந்ததில்லை.

இந்த நிலையை மாற்றிய மருந்து, இருதயத்துக்கென்று பிறந்ததன்று. ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து இருதயத்துக்குக் கேடு செய்கிறதோ என்ற சந்தேகம் கிளம்பியதன் விளைவாக, புதிய சர்க்கரை மருந்துகள் அவ்விஷயத்தில் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட வேண்டும் என 2008-இல் அமெரிக்க அரசு விதித்தது. அந்த விசாரணைக்கு நிறுத்தப்பட்ட எம்பாகிளிஃப்ளோசின், சிறுநீரகத்தின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் தன் தொழிலோடு, இருதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 சதவீதம் குறைத்ததாக 2015-இல் தெரியவந்தது. அது ஏன் என்பதற்கு உப்பும் நீரும் கழிவது மட்டும் போதிய சமாதானமாகாது. சொல்லப்படும் காரணங்கள் பல, தீர்ப்பு இன்னும் இல்லை.

எம்பாகிளிஃப்ளோசினை விறைத்த இருதயத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2021-இல் வெளியாயிற்று. நீரிழிவே இல்லாதவர்கள் ஏறக்குறைய பாதியாக இருந்த 5,988 பேரை இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகக் கவனித்ததில், இருதய வியாதியால் மரணம் அல்லது செயலிழப்பால் ஆஸ்பத்திரிவாசம் நேர்ந்தவர்கள், போலி மாத்திரை உண்டவருள் 17.1 சதவீதம், மருந்துண்டவருள் 13.8 சதவீதம். இந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் என் ஆட்சேபம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டி, 21 சதவீத ஆபத்து குறைந்தது என்று சொன்னால், கேட்கும் நோயாளி சாவு தள்ளிப்போயிற்று என்றே மகிழ்வார். எக்காரணத்தாலாயினும் இறந்தவர்களோ போலி மாத்திரைப் புறம் 14.3 சதவீதம், மருந்துப் புறம் 14.1. லாபத்தில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே. டாபாகிளிஃப்ளோசினைக் கொண்டு 6,263 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் பலனும் ஏறத்தாழ இதுவே.

ஆயினும் அதை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுபது வயதைக் கடந்தவருக்கு, நள்ளிரவில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் ஏறாதிருப்பது, ஆயுளில் கூடும் சில மாதங்களைக் காட்டிலும் பெரிய வரமாக இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முன்னரும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025-இலும் முடிந்து, விலையும் வெகுவாக இறங்கிவிட்டது.

மலிவான மருந்தை எழுதிக் கொடுக்கும் கை, அதன் தோஷங்களைச் சொல்லும் வாயைவிட விரைவானது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதைச் சொல்ல வைத்தியர் கூசுகிறார்; கேட்க நோயாளி கூசுகிறார். அதனினும் பெரிய அபாயம், நீரிழிவுக்காரர் பட்டினி கிடக்கும்போதோ, ஓயாமல் வாந்தியெடுக்கும்போதோ, மீட்டரில் சர்க்கரை ஏறக்குறையச் சரியாகவே தெரிய, இரத்தம் அமிலமாகிவிடுவது. ஆகவே இம்மாத்திரையை உண்பவர்களே, உபவாசத்துக்கு முன் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று நாளைக்கு முன்பே நிறுத்தவேண்டியிருக்கும், அதன் பெயரைச் சர்ஜனிடம் மறவாமல் சொல்லுங்கள்.